சுகமில்லை என்றுதான் சொன்னார்கள்

பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆங்கிலம் வாசிக்கப் பழக்குகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வந்த அன்றைக்கே ஒரு விதியைச் சொல்லித் தந்திருப்பார்கள். பந்தியில், அதாவது வாசிக்கக் கொடுத்த பகுதியில், இருப்பதை வைத்துத்தான் விடை சொல்ல வேண்டும், உனக்கு ஏற்கெனவே தெரிந்ததை உள்ளே கொண்டுவரக் கூடாது. பந்தி கரடியைப் பற்றியது என்றால், கரடியைப் பற்றி நீ வேறு எங்கோ கேள்விப்பட்டது உனக்கு உதவாது. கெடுக்கத்தான் செய்யும். நானும் இதைத்தான் வருடக்கணக்காகச் சொன்னேன். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கிரகித்தல் பாடத்தை எப்படி நடத்துவது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, என்னைவிடப் பொறுமையாகச் சொல்லும். பொறுமை எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைவு, என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். நான் சொல்ல வந்தது யூன் என்ற ஒரு பிள்ளையையும் அவளுடைய தாயையும் பற்றி. இதை எழுதி அனுதாபம் தேடவில்லை. உங்களில் யாராவது நாளைக்கு இதே இடத்தில் போய் நிற்கலாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில், மூடிப்போன ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் அலுவலகக் கட்டடத்தில் ஒரு தனியார் நிறுவனம் விடுதியோடு பாடசாலை நடத்தியது. சீனாவில் உயர்வகுப்புப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து, ஒரு வருடம் வைத்துப் பழக்கி, ஆங்கிலப் பரீட்சை எழுத வைத்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவது அவர்களுடைய தொழில். நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். அகதியாக வந்து, பேக்கரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்து, என் சான்றிதழ்களை ஏற்கச் சொல்லி அன்ட்ராக் என்கிற விண்ணப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் களைத்த பிறகு கிடைத்த இடம் அது. அங்கே சான்றிதழைவிட வாய்தான் முக்கியம் என்றார்கள். வாய் என்னிடம் தாராளமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளுடைய வாசிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் கேள்வியை வாசிப்பார்கள். கேள்வியில் உள்ள முக்கியமான சொல்லுக்குக் கீழே கோடு போடுவார்கள். பிறகு, தலையில் பேன் பார்ப்பதுபோல, அந்தச் சொல்லைப் பந்தியில் வரிவரியாகத் தேடுவார்கள். அகப்பட்டதும் நசுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். பந்தி எதைப் பற்றியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் அவர்களை ஊரில் பழக்கியிருந்தார்கள், பிழையும் சொல்ல முடியாது, புள்ளிகள் வந்தன. ஒரே ஒரு வகைக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்வார்கள். பந்தியில் நேரடியாகச் சொல்லப்படாத ஒன்றை, சொன்னவற்றிலிருந்து உய்த்தறியச் சொல்லும் கேள்வி. அதற்குத் தேடினால் அகப்படாது, வாசித்தால்தான் அகப்படும்.

யூன் வாசிப்பாள். வடசீனாவில் ஒரு சிறிய நகரத்திலிருந்து வந்தவள், வீட்டுக்கு ஒரே பிள்ளை. மற்றவர்கள் எழுதி முடித்துப் பேனையை வைத்த பிறகும் அவள் பந்தியையே பார்த்துக்கொண்டிருப்பாள். உய்த்தறியும் கேள்விகளில் அவளை வெல்ல ஆள் இல்லை. ஆனால் எழுதும்போது கவலையீனம், பிழைமேல் பிழை விடுவாள், நானும் சிவப்புப் பேனையால் கோழி கிளறியதுபோல அவளுடைய தாளைக் கீறி வைப்பேன். அவள் கோபிக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதித் தொலைபேசிக்குத் தாய் எடுப்பார். கூடத்தில் நின்று அவள் சிரிப்பதும் கெஞ்சுவதும் எல்லாருக்கும் கேட்கும். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், சாப்பிட்டியா, காலுறை போட்டியா என்று தாய் ஏசுவது எனக்கு விளங்கும். எல்லாத் தாய்மாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.

பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பிள்ளைகளுடைய பொறுப்பாளராக ஒரு சீனப் பெண் இருந்தார், ஜெர்மன் மரியாதைப்படி ஃப்ராவ் வெய் என்று அழைப்போம். கண்டிப்பான மனுசி, என்னைப் போலவே சிரிக்கத் தெரியாதவர். ஒருநாள் காலை அவர் என்னை மாடிப்படியில் மறித்தார். இனி வருகிற பேச்சுகள் பல ஆங்கிலத்தில் நடந்தவை. என் மனத்துக்குள் அவை என்னுடைய தமிழில்தான் கிடக்கின்றன, அப்படியே தருகிறேன்.

"யூனின்ர தாய்க்குச் சுகமில்லை. ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம்" என்றார். "சோதினை முடியுமட்டும் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது எண்டு தகப்பன் கேட்டிருக்கிறார்."

"கடுமையோ?"

"சுகமில்லை" என்றார் மறுபடியும். என் முகத்தைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தார். "அவளோட கொஞ்சம் பதமா நடவுங்கோ."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆனால் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது யூனின் தாய் இறந்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

எப்படித் தெரிந்தது என்று இளம் ஆட்களான நீங்கள் கேட்பீர்கள். எங்கள் காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு வந்தவர்கள் கேட்க மாட்டார்கள். என்னுடைய அப்பா இறந்தபோது நான் அகதி முகாமில் விசாரணைக்குக் காத்திருந்தேன். அண்ணன் கொழும்பிலிருந்து தொலைபேசியில், "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்றான். அடுத்த முறையும் சுகமில்லை. அதற்கடுத்த முறை, "கொஞ்சம் கடுமை, நீ யோசியாதை" என்றான். விசாரணை முடிந்த பிறகு, பக்கத்து அறைப் பெண் ஒருத்தி தண்ணீரோடு வந்து நின்றபோதுதான் சொன்னார்கள். அப்பாவின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து எத்தனையோ நாளாகியிருந்தது. முதல் தடவை சுகமில்லை என்றபோதே எல்லாம் முடிந்திருந்தது. எங்களுடைய ஆட்களில் ஒருவருக்கும் இழவுச் செய்தி ஒரே வாயாக வந்ததில்லை. சுகமில்லை என்று தொடங்கி, படிப்படியாக இறக்கி, ஆள் கதிரையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்வார்கள்.

விடுதிக்குச் சமைத்தவரும் எங்களுடைய ஆள்தான். சங்கானைப் பக்கம், என்னைவிட மூத்தவர், நான் அண்ணை என்பேன், அவர் என்னை ரீச்சர் என்பார். சீனப் பிள்ளைகளுக்குச் சீனச் சாப்பாடு சமைக்கப் பழகி, அதில் களவாக மிளகாய்த்தூள் போடுகிற மனிதர். இடைவேளைக்குக் குசினிக்குப் போய் அவரிடம் சொன்னேன். மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.

"அண்ணை, எங்கட யூனின்ர தாய்க்குச் சுகமில்லையாம்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார். "ஆர் சொன்னது?"

"வெய். சோதினை முடியுமட்டும் பிள்ளைக்குச் சொல்லக் கூடாதாம்."

"எப்பவாம்?"

"என்ன எப்ப?"

"என்ன ரீச்சர், என்னட்டையே மறைக்கிறியள்? சுகமில்லாத மனிசியை ஏன் ஒளிக்கினம்? நோய் வருத்தமெண்டால் மாறும். மாறாததைத்தானே ஒளிக்கிறது."

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்."

"கேட்டுப் பார்க்கேல்லையோ?"

"என்னெண்டு அண்ணை கேக்கிறது? மனிசி உயிரோட இருக்கோ எண்டோ?"

அவர் கத்தியை மறுபடி எடுத்தார். "அதுவும் சரிதான். அப்பிடிக் கேக்க ஏலாது. பாவம், ஒரே பிள்ளை."

இதைக் கவனியுங்கள். மாடியில், எங்களுக்கு நேர்மேலே, விடை தெரிந்த மனுசி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். ஏறிப் போக எட்டுப் படிகூட இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் படுத்திருக்கிற ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பது எங்களுக்குள் மரியாதையில்லாத வேலை, கேட்கிறவர் அவரைக் கொன்றுவிட்ட மாதிரி. ஆகவே கெல்சென்கிர்ச்சனில் ஒரு குசினிக்குள் நின்று, இரண்டு யாழ்ப்பாணத்தார் சீனாவில் ஒரு பெண்ணின் மரணத்தை முடிவு செய்தோம். ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாளிலிருந்து அண்ணை யூனுக்கு இறைச்சி போடுவதை நிறுத்தினார். எனக்கும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் பன்றி இறைச்சியும் சோறும் போட்டுவிட்டு, அவளுடைய தட்டில் முட்டைக்கோவாவும் தோஃபுவும் வைத்தார். நான் கண்டுபிடித்துக் கேட்டபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"செத்தவீட்டுத் துடக்கு உள்ள பிள்ளைக்கு என்ர கையால இறைச்சி போட ஏலாது ரீச்சர். அவளுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியுந்தானே."

நான் அவரைத் தடுக்கவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது. நானும் என் பங்குக்கு யூனின் தாளில் சிவப்புப் பேனையைத் தொடாமல் விட்டேன். பிழைகள் கண்ணைக் குத்தும், பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஃப்ராவ் வெய் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது அவளுக்கு மட்டும் தோடம்பழம் கொடுத்தார். அவளுடைய அறைத்தோழியிடம், இவளைத் தனியே விடாதே என்று காரணம் சொல்லாமல் சொல்லி வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம், அதுவும் வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம்.

ஒருநாள் மதியம் வகுப்பு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு யூன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், நான் ஒரு பந்தி சொல்றன், கேளுங்கோ" என்றாள். குரல் பாடம் ஒப்புவிக்கிற குரல்தான். "ஒரு வகுப்பில ஒரு பெட்டை இருக்கிறாள். முந்தி அவளின்ர பிழையளை மிஸ் சிவப்பால கீறுவா. இப்ப கீறிறேல்லை. மற்றவைக்கு இறைச்சி போடினம், அவளுக்குப் போடேல்லை. ஃப்ராவ் வெய் அவளுக்குத் தோடம்பழம் குடுக்கிறா. ஞாயிற்றுக்கிழமையில அவளின்ர அம்மா ரெலிபோனுக்கு வாறேல்லை, அப்பாதான் கதைக்கிறார். ஒருக்கா சந்தைக்குப் போயிட்டாவாம். ஒருக்கா நித்திரையாம். ஒருக்கா தொண்டை நோவாம். இதுகளிலயிருந்து என்னத்தை உய்த்தறியலாம்?"

அவள் விரலை மடித்துத் தெரிவுகளைச் சொன்னாள். "ஒண்டு, அம்மா அவளோட கோவம். ரெண்டு, அம்மாவுக்கு வேலை கூடிப்போச்சு. மூண்டு, அம்மாவுக்கு வருத்தம். நாலு, அம்மா இல்லை." மடித்த விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கட ஊரில செத்த வீட்டில இறைச்சி தின்னுறேல்லை, மிஸ். அதால நான் நாலாவதைத் தெரிஞ்சிருக்கிறன். பிழையெண்டால் சொல்லுங்கோ."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைக்காக வந்த கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். இல்லை. அது கொழும்பிலிருந்து பேசிய என் அண்ணன்மேல் வந்த கோபம். அப்பாவின் சாம்பல் கரைந்த பிறகும், கொஞ்சம் சுகமில்லை என்று சொன்ன அந்தக் குரல்மேல் வந்தது. இந்தப் பிள்ளையிடம் நானும் அதே குரலில் பேசுவதா என்று எனக்கு வெறுத்துப் போயிற்று. அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை விட்டுவிட்டு, எனக்கு அன்றைக்குக் கிடைக்காத பதிலைச் சொன்னேன்.

"நீ சரியாத்தான் வாசிச்சிருக்கிறாய், பிள்ளை."

அவள் உடனே அழவில்லை. "எப்ப?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். எப்போது என்று தெரியாது, எப்படி என்று தெரியாது, யார் சொன்னார்கள் என்றால் அப்படி யாரும் சொல்லவில்லை. ஒரு மாணவி இவ்வளவு ஓட்டையான விடையை எழுதியிருந்தால் தாளைக் கிழித்திருப்பேன். ஆனால் அவள் அதற்குள் மேசையில் தலையை வைத்துவிட்டாள். அவளுடைய முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு, உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தேன். பெருமையாகவே நினைத்தேன்.

அவள் போக வேண்டும் என்றாள். போகத்தான் வேண்டும் என்றேன். தகப்பனிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொன்னால் மறுபடியும் தொண்டை நோவுக் கதைதான் வரும், பரீட்சையை முடி என்பார். அதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஃப்ராவ் வெய் அன்றைக்குக் கொலோனில் ஏதோ டேர்மினுக்கு, ஒரு சந்திப்புக்கு, போயிருந்தார். யூனுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது, கடவுச்சீட்டு அவளுடைய மேசை லாச்சிக்குள்ளேயே இருந்தது. சீன மாணவர்களுக்குத் தெரிந்த பயண முகவர் ஒருவர் மறுநாள் விமானத்துக்கே இடம் எடுத்துக் கொடுத்தார்.

அறைத்தோழிதான் பூவைப் பற்றிச் சொன்னாள். அவர்களுடைய பக்கத்தில் தாய் இறந்தால் மகள் தலையில் வெள்ளைக் கம்பளிநூல் பூக் குத்த வேண்டுமாம். அது இல்லாமல் வீட்டுக்குள் போனால் தாயை மதிக்காதது போலாகுமாம். இங்கே அப்படி எங்கே வாங்குவது என்று இரண்டு பிள்ளைகளும் விழித்தார்கள். என்னிடம் வெள்ளை நூல் இருந்தது. தெரிந்த ஒருவரின் குழந்தைக்குத் தொப்பி பின்னி மிச்சமானது. மறுநாள் காலை வகுப்பறை வாங்கில் இருந்துகொண்டு, அறைத்தோழி கையால் காட்டக் காட்ட, நான் அந்தப் பூவைப் பின்னினேன். இரண்டு தரம் குலைத்து மூன்றாம் தரம்தான் சரிவந்தது. யூன் அதை நெற்றிக்குப் பக்கத்தில் குத்தினாள். "போய் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்" என்றேன். அண்ணை தன் காரில் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வரும்போது கண்கள் சிவந்திருந்தன.

"நல்ல காரியம் செய்தியள் ரீச்சர்" என்றார்.

சில நாட்கள் கழித்து ஃப்ராவ் வெய் ஆசிரியர் அறைக்கு வந்தார். யூன் சொல்லாமல் போனதற்கு ஏற்கெனவே கத்தித் தீர்த்திருந்தார். இந்தமுறை கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நின்றார்.

"தகப்பன் ரெலிபோன் எடுத்தவர். தாய் செத்துப்போனா எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆர் சொன்னது?"

நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். "எவ்வளவு நாளைக்கு ஒளிக்கிறது? செத்த தாயை ஒரு பிள்ளைக்கு ஒளிக்கலாமோ?" என்று சண்டைக்கு எழும்பினேன்.

"அவ உயிரோட இருக்கிறா."

அவர் நிறுத்தாமல் சொன்னார்.

"வயித்தில புற்றுநோய். கொஞ்ச மாதம் எண்டு டொக்டர் தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறார். அவவுக்குத் தெரியாது. வயித்தில புண், மருந்து குடிச்சால் மாறும் எண்டு அவவுக்குச் சொல்லி வச்சிருந்தவை. எங்கட நாட்டில அப்பிடித்தான் செய்வம். தெரிஞ்சால் மனம் முதல் சாகும் எண்டு. குரல் மெலிஞ்சுபோனதாலதான் ரெலிபோனுக்கு விடேல்லை, மகள் கண்டுபிடிச்சிடுவாள் எண்டு. சோதினை முடிய மகள் லீவில வாறமாதிரி வருவாள், தாய் சந்தோசமா மிச்ச நாளை மகளோட இருப்பா. அதுதான் அந்த மனுசன் நினைச்சது. ரெண்டு பேரையும் ரெண்டு கையில பிடிச்சுக்கொண்டு நிண்டவர்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மகள் தலையில பூவோட வீட்டுக்குள்ள போயிருக்கிறாள்."

சிரிக்கத் தெரியாத மனுசி என்று சொன்னேனே, அழத் தெரிந்திருந்தது. என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குசினிக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் உருளைக்கிழங்குச் சாக்கின்மேல் இருந்துவிட்டார். "எங்கட செத்தவீட்டைக் கொண்டுபோய் அதுகளின்ர வீட்டில வச்சிட்டம் ரீச்சர்" என்றார்.

நிறுவனத்தின் இயக்குநர், ஒரு ஜெர்மன்காரர், என்னை அழைத்து ஒருமணி நேரம் பேசினார். தகவல் பரிமாற்றத்தில் ஒரு குறை நேர்ந்துவிட்டது என்றார். இனி மாணவர்கள் விடுமுறையில் போவதற்கு ஒரு ஃபோர்முலார், அதுதான் படிவம், தயாரிக்கப்படும் என்றார். பரீட்சை கிட்டத்தில் இருந்ததால் என்னை நிறுத்தவில்லை, எனக்குப் பதில் ஆள் கிடைக்காது. அந்த வருடம் என்னுடைய வகுப்பு நல்ல புள்ளிகள் எடுத்தது. யூன் எழுதவில்லை.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தகப்பன் செய்தது சரி என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஒளிப்பதும் தாய்க்கு ஒளிப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை, பிடிக்காதபடியே சாகப் போகிறேன். ஆனால் அது அவர்களுடைய வீட்டுக் காரியம், அதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. அதை நான் கேட்கவே இல்லை. இந்த வேலையில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்கு ஒரு நோய் வரும். விடைத்தாள் திருத்தித் திருத்தி, மனிதர்களையும் அப்படியே வாசித்துவிடலாம் என்று நினைப்பு வந்துவிடும். யாரோ யன்னலைப் பார்த்துப் பேசினால், ஓகோ என்று உள்ளே ஒரு மணி அடிக்கும். அந்த மணி உங்களுடைய வீட்டு மணி. அந்த ஆளுடைய வீட்டில் அது அடிக்கவில்லை. மரியாதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போய், உயிரோடு இருக்கிறாவா என்று பச்சையாகக் கேளுங்கள். ஏச்சு விழட்டும், கேளுங்கள். பிறகு, யார் யாருக்கு என்ன தெரியும் என்பதையும் கேளுங்கள். அதற்குப் பிறகும் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டால், சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை.

யூன் இலையுதிர் காலத்தில் தன்னுடைய பொருட்களை எடுக்க வந்தாள். தாய் கோடையிலேயே போய்விட்டார். தகப்பனுக்கு ஆள் துணை வேண்டும், இனி இங்கே படிக்க வரப்போவதில்லை, ஊரில் ஒரு அலுவலகத்தில் வேலை எடுத்திருக்கிறேன் என்றாள். மெலிந்திருந்தாள். அண்ணை அவளைக் கண்டதும் குசினிக்குள் போய்விட்டார், வெளியே வரவே இல்லை. நான் அவளுடைய பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு டிராம் தரிப்பிடம்வரை போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல வெயில் அடித்த நாள். வாங்கில் இருந்தோம்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை விட்டுவிட்டு, வீடு போய்ச் சேர்ந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

"வீட்டுத் திறப்பு என்னட்ட இருந்தது மிஸ். திறந்துகொண்டு போனன். அம்மாவை ஆஸ்பத்திரியிலயிருந்து கொண்டுவந்திருந்தவை. கட்டில்ல இருந்து அவரைக்காய்க்கு நார் உரிச்சுக்கொண்டிருந்தவ. என்னைக் கண்ட உடன சிரிச்சா. பிறகு தலையைப் பார்த்தா."

"ஏதும் சொன்னவவோ?"

"ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் காலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதன். நான் அழுத அழுகையில அவவுக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. அப்பா வந்து வாசல்ல நிண்டார். அம்மா அவரை ஒண்டும் கேக்கேல்லை. என்னை எழும்பிப் பக்கத்தில இருக்கச் சொன்னா. தலையிலயிருந்து பூவைக் கழற்றி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தா. அம்மா கம்பளி ஆலையில வேலை செய்தவ. இது கடையில வாங்கினதில்லை, ஆர் பின்னினது எண்டு கேட்டா."

டிராம் வந்தது. அவள் எழும்பவில்லை. அது போகட்டும் என்று இருந்தாள்.

"எங்கட ரீச்சர் எண்டு சொன்னன்."

எனக்கு அடுத்ததைக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "அதுக்கு அம்மா என்ன சொன்னவ?"

"நல்லா இறுக்கிப் பின்னியிருக்கிறா, குலையாது எண்டு சொன்னா. எறிஞ்சிடாதை, கொஞ்ச நாளில தேவைப்படும், வேற வாங்கத் தேவையில்லை எண்டு சொல்லி என்ர கையில தந்தா." யூன் பெட்டியின் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதைத்தான் குத்தினனான், மிஸ்."